மாசி, பங்குனிப் பறவைகள்: வாசகர் கேள்வி – பதில்

ஏரிக்கரை மின்கம்பியில் ஒரு வாரமாகச் சாயங்காலம் குருவிகள் வரிசை கட்டி உட்காருகின்றன. உழவாரனா, தகைவிலானா? எப்படி எண்ணுவது? – வாசகர், மதுராந்தகம்

கம்பியில் உட்கார்ந்துவிட்டாலே அது உழவாரன் இல்லை. உழவாரனின் கால் சுவரையும் பனையோலையையும் பற்றித் தொங்கத்தான் உதவும். நீங்கள் பார்ப்பவை தகைவிலான்கள். நெற்றியும் தொண்டையும் செங்கல் நிறமாக, அதன் கீழே நெஞ்சுக்குக் குறுக்கே கருநீலப் பட்டை ஓடினால், வடக்கிலிருந்து குளிர்காலத்துக்கு வந்தது. இப்போது ஊர் திரும்பக் கூடுகிறது. உச்சந்தலை செம்பழுப்பு, தொண்டை தூய வெள்ளை என்றால் கம்பிவால் தகைவிலான். அது இங்கேயே இருக்கும். வாலை மட்டும் நம்ப வேண்டாம். பல குருவிகளுக்கு வாலின் ஓர இறகு இப்போதுதான் வளர்ந்துகொண்டிருக்கும், நீளம் தெரியாது.

எண்ணும்போது முதல் பத்தை ஒவ்வொன்றாக எண்ணி, அவை பிடித்திருக்கும் நீளத்தைக் கண்ணில் வாங்கிக்கொள்ளுங்கள். அந்த அளவையே கோலாக வைத்துக் கம்பி நெடுக நகர்ந்து போங்கள். பலரும் தவறுவது அடுத்த கம்பியில்தான்: அங்கே இடைவெளி வேறாக இருக்கும், ஆகவே பத்தின் அளவைப் புதிதாக எடுக்க வேண்டும். இருட்டுவதற்குள் முடித்துவிடுங்கள், அந்திக்குப் பின் கூட்டம் நாணல் பக்கம் போய்விடலாம். குறிப்பேட்டில் ‘நிறைய’ என்று எழுதினால் அடுத்த ஆண்டு ஒப்பிட வழியில்லை. ‘சுமார் 180’ என்று எழுதினால் உண்டு.

வலசைப் பறவைகள் வந்த தேதியைக் குறித்து வைத்திருக்கிறேன். போகும் தேதியை எப்படிக் குறிப்பது? – வாசகர், உடுமலைப்பேட்டை

இந்தக் கேள்வியை இன்னும் பலர் கேட்க வேண்டும். முதல் வாலாட்டியைக் கண்டதும் எல்லோரும் எழுதிவிடுகிறோம். கடைசி வாலாட்டி சத்தமில்லாமல் போய்விடுகிறது. இன்று பார்ப்பதுதான் கடைசி என்று அன்றைக்கு யாருக்கும் தெரியாது. அதனால் மாசி பிறந்ததிலிருந்து சித்திரை முடியும்வரை, ஒரே இடத்தில், ஒரே நேரத்தில், தினம் 15 நிமிடம் நில்லுங்கள். ஐந்தாறு பறவை போதும்: பழுப்புக் கீச்சான், மஞ்சள் வாலாட்டி, சாம்பல் வாலாட்டி, ஆறுமணிக்குருவி, சூறைக்குருவி. கண்டால் எண்ணிக்கை, காணாவிட்டால் ‘இல்லை’ என்றே எழுதுங்கள். வெற்றுக் கட்டம் விட்டால், பறவை இல்லையா, நீங்கள் போகவில்லையா என்று பிறகு தெரியாது. தொடர்ந்து பத்து நாள் ‘இல்லை’ வந்த பிறகு, அதற்கு முன் கண்ட தேதியைக் கடைசித் தேதியாக எடுத்துக்கொள்ளலாம்.

கீச்சானையும் ஆறுமணிக்குருவியையும் விடியலிலும் அந்தியிலும் குரலால் பிடிப்பது எளிது. பத்து மணிக்குப் போய்ப் பார்த்துவிட்டு ‘போய்விட்டது’ என்று எழுதுவது பெரும்பாலும் தவறாகிவிடும். சூறைக்குருவிக்கு இலவ மரமும் கல்யாண முருங்கையும் பூத்த இடத்தில் நில்லுங்கள், தேனுக்குக் கூட்டமாக வரும்.

செம்பருத்திக்கு வரும் தேன்சிட்டு மஞ்சள் வயிறும், தொண்டையிலிருந்து நடு நெஞ்சு வரை ஒரு கறுப்புக் கோடுமாக இருக்கிறது. புது இனமா? – வாசகி, தென்காசி

ஆண் ஊதாத் தேன்சிட்டுதான். இனப்பெருக்கம் இல்லாத மாதங்களில் ஆண் இப்படிப் பெண்ணைப் போன்ற உடையில் இருக்கும். அந்த ஒற்றைக் கோடுதான் அடையாளம். தொடர்ந்து கவனியுங்கள். நெஞ்சிலும் முதுகிலும் திட்டுத் திட்டாகக் கருமை ஏறி, மை சிந்திய துணி போல ஆகி, பிறகு முழுக்கப் பளபளக்கும். வெயில் உங்கள் முதுகுப் பக்கம் இருக்கட்டும். எதிர்வெயிலில் ஊதாவும் வெறும் கறுப்பாகத்தான் தெரியும். முழுக்க இருண்ட சிட்டுக்கு அலகு மிக நீளமாக வளைந்து, அடிவயிறு மங்கிய பழுப்பாக இருந்தால் அது லோட்டன் தேன்சிட்டு.

பைனாகுலரில் இரண்டு கண்ணுக்கும் ஒன்றாகத் தெளிவு வரவில்லை. – வாசகர், மன்னார்குடி

வலக்கண்ணை மூடி, நடுச் சக்கரத்தைத் திருப்பி இடக்கண்ணுக்குத் தெளிவாக்குங்கள். அடுத்து இடக்கண்ணை மூடி, நடுச் சக்கரத்தைத் தொடாமல், வலப்பக்கக் கண்குழலில் உள்ள வளையத்தை மட்டும் திருப்புங்கள். கண்ணாடி போடுபவர் ரப்பர் விளிம்பை உள்ளே தள்ளிவிட வேண்டும். புதிதாக வாங்குவதானால் 8×42 (8 மடங்கு பெரிதாக்கும், முன்வில்லை 42 மி.மீ. அகலம்) எடுங்கள். 10 மடங்கில் கை நடுக்கமும் சேர்ந்து பெரிதாகும்.

‘டொங்க் டொங்க்’ என்று நாளெல்லாம் கேட்கிறது, பறவை கண்ணில் படவில்லை. – வாசகர், ஒட்டன்சத்திரம்

செம்மார்புக் குக்குறுவான். ஒலிக்கும்போது தலையை இங்கும் அங்கும் திருப்புவதால் சத்தம் திசை மாறி வருவது போலிருக்கும். காதை நம்பி மரம் மரமாக அலையாமல், காலை வெயில் படும் அரச மரத்து மொட்டை நுனிக்கிளைகளைப் பாருங்கள். பச்சை உடம்பு, சிவந்த நெற்றி, மஞ்சள் தொண்டை, அதன் கீழே சிவப்புத் திட்டு. அலகைத் திறக்காது, தொண்டை மட்டும் உப்பும். தோட்டத்து முருங்கையில் பட்டுப்போன கிளை இருந்தால் அடிப்பக்கத்தைப் பாருங்கள். வட்டப் பொந்தும் கீழே புது மரத்தூளும் இருந்தால், குஞ்சுகள் வெளியேறும்வரை அந்தக் கிளையை வெட்டாமல் விடுங்கள்.