முட்டுக்கட்டை போடுகிறவர்

அன்புள்ள அண்ணாச்சிக்கு,

நான் கட்டடப் பொறியாளர். பாளையங்கோட்டையில் சின்னதாக ஒரு அலுவலகம் வைத்து வீட்டு பிளான், எஸ்டிமேட் போட்டுக்கொண்டிருக்கிறேன். எங்கள் தொழில் சங்கத்தின் நெல்லைக் கிளையில் ஆறு வருடமாக உறுப்பினர். சந்தா கட்டுவேன், செப்டம்பர் 15 பொறியாளர் தினத்துக்குப் போய்ச் சாப்பிட்டுவிட்டு வருவேன், அவ்வளவுதான். இப்போது நிர்வாகிகளை மாற்றுகிறார்கள். "நீங்க பொருளாளரா நில்லுங்க, போட்டியே கிடையாது" என்று மூத்தவர்கள் இரண்டு பேர் வீட்டுக்கே வந்துவிட்டார்கள். துணைத் தலைவர் இடமும் காலிதான். அதில் வேலை ஒன்றும் இல்லையாம். எதற்கும் சம்பளம் கிடையாது, பெட்ரோல் காசும் கிடையாது. "சொந்த ஆபீஸ் பில்லே மூணு மாசமா எழுதாம கெடக்கு, ஊர்க்கணக்கு எழுதப் போறீகளாக்கும்" என்கிறாள் மனைவி. நீங்கள் இதே மாதிரி ஒரு கிளையில் பொறுப்பில் இருந்தவர். ஒத்துக்கொள்ளலாமா? துணைத் தலைவர் என்றால் தொந்தரவு இருக்காதா?

ம., பாளையங்கோட்டை

அன்புள்ள தம்பி,

முதலில் அந்த மூன்று மாத பில்லை எழுதி முடியுங்கள். வீட்டில் சொன்னது நியாயம். அப்புறமும் மனம் இருந்தால் பொருளாளராகவே நில்லுங்கள். துணைத் தலைவர் வேண்டாம். அழைப்பிதழில் ஒரு வரி, மேடையில் ஓரத்து நாற்காலி, ஒரு பொன்னாடை. என் பீரோவில் அப்படி ஒன்பது பொன்னாடை கிடக்கிறது. எதற்கும் உபயோகப்படாத துணி அது.

ஆனித் தேரோட்டம் பார்த்திருப்பீர்கள். நெல்லையப்பர் தேரின் வடத்தை ஆயிரக்கணக்கில் இழுப்பார்கள். சக்கரத்தை ஒட்டிக் கட்டையோடு நிற்கிற சில பேரை யாரும் படம் எடுப்பதில்லை. ஆனால் ரத வீதி முக்கில் தேர் திரும்புவதும், ஒரு வீட்டுத் திண்ணையில் போய் ஏறாமல் நிற்பதும் அவர்கள் கையில்தான் இருக்கிறது. பொருளாளர் வேலையும் அதுதான். "இந்த வருசம் விழாவை ஜமாய்ச்சிருவோம்" என்பார் தலைவர். "பேங்குல இவ்வளவுதான் கெடக்கு அண்ணாச்சி" என்று நீங்கள் கட்டையைச் செருக வேண்டும். முட்டுக்கட்டை போடுகிறான் என்று பேர் வரும். வரட்டும்.

நான் செயலாளராக இருந்தபோது செய்த கூத்து ஒன்றைச் சொல்கிறேன். எங்கள் பொருளாளர் கோயம்புத்தூருக்குக் குடிபோனார். பொதுக்குழுவில் புதியவரைத் தேர்ந்தெடுத்தோம், கைதட்டினோம், சாப்பிட்டுக் கலைந்தோம். மினிட் புக்கில் தீர்மானத்தை நாளைக்கு எழுதலாம் என்று விட்டுவிட்டேன். அந்த நாளை வரவே இல்லை. பணம் எடுக்க இரண்டு கையெழுத்து வேண்டும், ஒன்று கோயம்புத்தூரில். கையெழுத்தை மாற்ற வங்கியில் தீர்மான நகல் கேட்டார்கள். அவர்கள் கேட்டதில் தப்பே இல்லை. கூட்டத்துக்கு வந்தவர்களின் கையெழுத்து மட்டும் ஒரு பக்கத்தில் இருந்தது, அதற்குக் கீழே வெறும் தாள். மறுபடி நோட்டீஸ் அனுப்பி, கூட்டம் கூட்டி, அந்த ஒரு வரியை எழுதி முடிக்க நாலு மாதம் ஆனது. சமையல்காரருக்கு என் கைக்காசைக் கொடுத்தேன். அது திரும்பி வருவதற்குள் அடுத்த விழாவே வந்துவிட்டது.

2023 டிசம்பர் வெள்ளத்தில் பழைய மினிட் புத்தகங்களும் போயின. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் மழை கொட்டிய வெள்ளம் அது. ஜங்ஷன் பக்கம் தரைத்தளத்தில் இருந்தது எங்கள் அறை. பீரோவின் அடித்தட்டில் இருந்ததெல்லாம் கூழாகிவிட்டது. அதனால், கூட்டம் முடிந்த அன்று இரவே எழுதிய பக்கத்தை போனில் படம் எடுத்து மூன்று பேருக்கு அனுப்பிவிடச் சொல்லுங்கள்.

உங்கள் கிளை தனியாகப் பதிவு பெற்றதா, தலைமைச் சங்கத்தின் கீழ் இயங்குகிறதா என்பதையும் கேட்டுக்கொள்ளுங்கள். தனிப்பதிவு என்றால் தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டம், 1975 பொருந்தும். செயற்குழுவில் குறைந்தது மூன்று பேர் இருக்க வேண்டும், பதவிக்காலம் மூன்று ஆண்டைத் தாண்டக் கூடாது. தொடர வேண்டுமானால் மறுபடி தேர்ந்தெடுக்க வேண்டும். நிர்வாகிகள் மாறினால் பதிவாளருக்குத் தெரிவிக்க வேண்டும். பழைய பெயர்களே பதிவேட்டில் தொடரும் சங்கங்கள் நம் பக்கம் நிறைய. கீழ்க்கிளை என்றால் தலைமையின் விதிப் புத்தகம்தான் பேசும். அதை வாங்கிப் படித்துவிடுங்கள்.

பொறுப்புக்கு வந்தால் நாலு பேர் பழக்கம், அதனால் தொழில் வளரும் என்று அந்த மூத்தவர்கள் சொல்லியிருப்பார்கள். ஓரளவு உண்மைதான். ஆனால் சந்தா வசூலில் கிடைக்கிற ஞானம் அதைவிடப் பெரியது. மூன்று போனுக்கு அப்புறமும் "அடுத்த வாரம் பாப்போம் தம்பி" என்கிறவரோடு கூட்டு வேலை எடுக்க மாட்டீர்கள். கேட்கும் முன்னே கட்டுகிறவர், பெரும்பாலும் ரொம்பச் சின்ன அலுவலகம் வைத்திருப்பவர். எனக்கு இரண்டு நல்ல கூட்டாளிகள் அப்படித்தான் அமைந்தார்கள்.

ஒன்றில் மட்டும் கறாராக இருங்கள். ஃப்ளெக்ஸ், சாப்பாடு, மண்டபம் எதுவானாலும் உறுப்பினரின் மச்சான் கடை என்பதற்காக எடுக்காதீர்கள். இரண்டு மூன்று விலை வாங்கி வவுச்சரோடு சேர்த்து வையுங்கள். உங்கள் அலுவலகத்திலிருந்து கிளைக்கு எதையும் விற்க வேண்டாம், லாபமில்லாமல்கூட.

அந்த இரண்டு பேர் மறுபடி வருவார்கள். காபி கொடுத்து, பாஸ்புக், மினிட் புக், உறுப்பினர் பதிவேடு மூன்றையும் பார்க்கக் கேளுங்கள். "அதெல்லாம் முந்தின பொருளாளர் வீட்ல இருக்கு" என்று பதில் வந்தால், அவை கைக்கு வந்த பிறகு மனுவில் கையெழுத்துப் போடுகிறேன் என்று சொல்லிவிடுங்கள்.