தகட்டை விட்டுவையுங்கள், ஆக்சிலை மாற்றுங்கள்

வணக்கம்.

ஒஹாயோவில் வசிக்கிறேன். சென்ற மாதம் ஒரு பண்ணைக் கொட்டகையில் கிடந்த பழைய டியர்டிராப் டிரெய்லரை வாங்கினேன்; காருக்குப் பின்னால் இழுத்துப் போகும், கண்ணீர்த்துளி வடிவத்தில் உள்ளே படுத்துறங்கும் சின்ன வண்டி. நான்கடி அகலம், எட்டடி நீளம். பிளைவுட் கூட்டின் மேல் அலுமினியத் தகடு, பின்மூடியைத் தூக்கினால் சமையல் மேடை. 1940களின் கடைசி என்றார் விற்றவர். கம்பெனித் தகடு எதுவும் இல்லை. பக்கச் சுவரின் அடிப்பகுதியை விரலால் அழுத்தினால் அமுங்குகிறது. ஏசி, ஃபிரிட்ஜ், போன் சார்ஜர் எல்லாம் வேண்டும் என்கிறார் மனைவி. பழைய வண்டிகள் சேர்க்கும் நண்பரோ, ஒரு ஸ்குரூவைக்கூட மாற்றாதே என்கிறார். எனக்கு அலுமினியத்தைக் கண்ணாடிபோல் மெருகேற்ற ஆசை. யார் பேச்சைக் கேட்பது?

ர.

அன்புள்ள ர.,

இருவர் பேச்சையும் பாதி கேளுங்கள். தரைப்பலகைக்குக் கீழே உள்ளவை சாலையில் உங்களுக்குப் பின்னால் வருகிறவர்களின் உயிர் சம்பந்தப்பட்டவை. அங்கே பழமைக்குச் சலுகை கிடையாது. தரைக்கு மேலே, ஸ்குரூ டிரைவரால் கழற்றிவிடக்கூடிய மாற்றம் எதையும் தாராளமாகச் செய்யுங்கள். ரம்பம் கேட்கிற வேலையை மட்டும் தள்ளிப்போடுங்கள். நண்பர் வாதம் வலுவாவது, வண்டி கிட், மாடர்னிஸ்டிக், கென்ஸ்கில் போன்ற ஒரு தொழிற்சாலையின் தயாரிப்பாக இருந்தால். அக்காலத்தில் பாப்புலர் மெக்கானிக்ஸ், மெக்கானிக்ஸ் இல்லஸ்ட்ரேட்டட் மாதிரி இதழ்கள் வரைபடம் வெளியிட, அதைப் பார்த்து வீட்டுக் கொல்லையிலேயே பலர் கட்டிக்கொண்டார்கள். இரு பக்கச் சுவர்களின் வளைவையும் காகிதத்தில் படியெடுத்து ஒன்றின்மேல் ஒன்று வையுங்கள். அரை அங்குலம் விலகினால் பெரும்பாலும் கைவேலைதான். அப்படியானால் “ஒரிஜினல்” என்ற கவலை பாதி குறைந்தது. தயாரிப்பு எண் எங்காவது கண்ணில் பட்டால் அதன்மேல் மட்டும் கை வைக்காதீர்கள்.

இதையெல்லாம் விட அவசரம், அமுங்கும் அந்தச் சுவர். கூரையும் சுவரும் சேரும் ஓரத்தில் ஓடும் மோல்டிங் பட்டிக்கு அடியிலும், பின்மூடியின் கீல் வழியாகவும்தான் பெரும்பாலும் தண்ணீர் இறங்கும். இறங்கியது அடி விளிம்பில் நிற்கும். பிளைவுட்டின் வெட்டுமுனை அதை உறிஞ்சிக்கொள்ளும். பட்டியின் நடுவிலுள்ள வினைல் நாடாவை உருவினால் ஸ்குரூ வரிசை தெரியும். துருப்பிடித்த தலைகளைத் திருகினால் முறியும், டிரில்லால் தலையை எடுத்துவிடுவதே நல்லது. தகட்டின் கீழ் ஓரத்தை மட்டும் கொஞ்சம் விலக்குங்கள். மடித்தால் விரிசல் விழும். பிறகு இரண்டு அங்குலத்துக்கு ஒரு தரம் குத்தூசியால் குத்திப் பார்த்து, அமுங்கும் எல்லையைச் சாக்பீஸால் குறியுங்கள். ஈரமானி 15 சதவீதத்துக்குக் கீழே காட்டும்வரை காயவிடுங்கள். 20-ஐத் தாண்டினால் பூஞ்சை வேலையைத் தொடரும்.

உளுத்த மரத்தில் மெல்லிய எபாக்சியை (இரண்டு திரவம் கலந்தால் இறுகும் பிசின்) ஊற்றி “கெட்டியாக்கும்” வித்தை நகத்தளவு இடத்துக்குச் சரி. சுவரின் அடி விளிம்பு கூட்டின் மொத்த பாரத்தையும் தாங்குவது, அங்கே அது ஏமாற்று. கெட்டதை வெட்டி, நல்ல மரத்துக்குள்ளும் சில அங்குலம் போய், புதுத் துண்டைச் சாய்வெட்டில் ஒட்டுங்கள். சாய்வு ஒன்றுக்கு எட்டு: முக்கால் அங்குலப் பலகைக்கு ஆறு அங்குலச் சரிவு. வெட்டுமுனைகளுக்கு எபாக்சி இரண்டு மூன்று பூச்சு. வெட்டியெடுத்த பழைய துண்டை எறியாதீர்கள், அளவுக்கு அதுதான் அச்சு. ஒரு எச்சரிக்கை: அழுகாது என்று நம்பிப் பலர் இங்கே ரசாயனம் ஏற்றிய மரத்தைப் போடுகிறார்கள். அதிலுள்ள செம்பு, ஈரம் பட்டதும் அலுமினியத்தைத் தின்ன ஆரம்பிக்கும்.

பட்டியைத் திரும்பப் பொருத்த பியூட்டைல் டேப் (தண்ணீரைத் தடுக்கும் பிசின்போன்ற ரப்பர் நாடா), துருப்பிடிக்காத எஃகு ஸ்குரூ, அதன் மரையில் அரிப்புத் தடுப்புப் பசை. இறுக்கி ஒரு நாள் வெயிலில் விட்டால் டேப் பிதுங்கும். மறுபடி இறுக்கி, பிதுங்கியதை பிளாஸ்டிக் கத்தியால் வழித்துவிடுங்கள். சிலிக்கோன் வேண்டவே வேண்டாம். அது உரிந்த இடத்தில் அடுத்து எதுவும் ஒட்டாது.

இனி கீழே. ஸ்பிரிங் தாங்கிகள் பற்றவைத்த இடத்திலும், இழுகம்பி சட்டத்தைச் சேரும் இடத்திலும் கம்பி பிரஷ்ஷால் தேய்த்து மயிரிழை விரிசல் பாருங்கள். அந்தக் காலத்து வண்டிகளில் பழைய கார் ஆக்சிலை வெட்டிப் போட்டிருப்பது சகஜம். பேரிங் தேடியே அலுத்துவிடும். டார்ஷன் ஆக்சில் (ஸ்பிரிங்குக்குப் பதில் குழாய்க்குள் ரப்பர் அதிர்வைத் தாங்குவது) மெத்தென்று ஓடும் என்று ஆசை காட்டுவார்கள். ஆனால் அதன் தாங்கியைப் பற்றவைக்கக் கனமான சட்டம் வேண்டும். உங்களுக்கு லீஃப் ஸ்பிரிங் (வளைந்த எஃகுப் பட்டை) ஆக்சில் போதும், 2000 பவுண்டு தாங்குவது. ஒரு ஹப் (சக்கரம் மாட்டும் குடம்) முகத்திலிருந்து மறு ஹப் முகம்வரை ஓர் அளவு, இரு ஸ்பிரிங்குகளின் நடுவிலிருந்து நடுவுக்கு ஓர் அளவு. இரண்டையும் சொன்னால் செய்து அனுப்புவார்கள். டயரின் பக்கத்தில் உள்ள குறியீட்டின் கடைசி நான்கு இலக்கம் தயாரான வாரமும் வருடமும். ஆறு வருடம் தாண்டியிருந்தால் பட்டன் எவ்வளவு இருந்தாலும் மாற்றுங்கள். பழைய கப்ளர் (இழுகம்பியின் முனையில், காரின் இழுவை உருண்டைமேல் கவிந்து பூட்டும் வாய்) 1⅞ அங்குல உருண்டைக்கானதா 2 அங்குலத்துக்கானதா என்று பார்ப்பதும் முக்கியம். பெரிய கப்ளரைச் சிறிய உருண்டையில் மாட்டினால் மேட்டில் ஏறும்போது துள்ளிக் கழன்றுவிடும். துணி சுற்றிய 6 வோல்ட் ஒயர் இருந்தால் மொத்தமாக உருவிவிட்டு 12 வோல்ட்டுக்குப் புதிதாக இழுங்கள். எர்த்துக்குத் தனி ஒயர், சட்டத்தை நம்பாதீர்கள்.

மனைவி கேட்டதில் ஏசிதான் சிக்கல். 5000 பிடியூ ஜன்னல் ஏசி ஓடும்போது சுமார் 450 வாட் இழுக்கும். 100 ஆம்பியர்-ஹவர் லித்தியம் பேட்டரியில் உள்ளதே ஏறக்குறைய 1280 வாட்-ஹவர்தான். ராத்திரி முழுக்கத் தாங்காது. அதற்காகச் சுவரில் ஓட்டை போட வேண்டாம். கதவு ஜன்னல் கண்ணாடியைக் கழற்றி, அதே அளவுப் பலகையில் குழாய்த் துளைகள் செய்து, முகாமில் கரண்ட் கிடைக்கும் இடங்களில் வெளியே வைக்கும் சிறிய ஏசியை இணைக்கலாம். ஊர் திரும்பியதும் கண்ணாடி மறுபடி ஏறிவிடும். மற்ற இரவுகளுக்கு 12 வோல்ட் மின்விசிறி. ஃபிரிட்ஜும் சார்ஜரும் தாராளமாக வைக்கலாம், பேட்டரியிலிருந்து ஒரு சாணுக்குள் ஃபியூஸ் இருக்கட்டும்.

ஆனால் எல்லாவற்றையும் பின்னால் சமையல் மேடையில் அடுக்கிவிடாதீர்கள். நவீனமாக்கிய டியர்டிராப்புகள் நெடுஞ்சாலையில் வாலாட்டுவதற்கு முக்கியமான காரணம் இது. பின்பாரம் ஏறினால் கொக்கியின் மேல் விழும் எடை குறைகிறது. சாமான் ஏற்றிய மொத்த எடை 1000 பவுண்டு என்றால், கொக்கியில் 100 முதல் 150 இருக்க வேண்டும். வண்டியைச் சமமட்டமாக வைத்து, கப்ளருக்கு அடியில் குளியலறை எடைமிஷினை வைத்தாலே தெரிந்துவிடும். பேட்டரியை முன்பக்கம் கொண்டுவாருங்கள்.

உள்ளே பலகையின் தேன்நிறப் பூச்சை உரசித் தள்ள அவசரப்படாதீர்கள். மூலையில் ஒரு சொட்டு டினேச்சர்டு ஆல்கஹால் வைத்துப் பாருங்கள். பிசுபிசுத்தால் ஷெல்லாக், அதாவது அரக்கு வார்னிஷ். அப்படியானால் வெள்ளை படிந்த இடங்களை ஆல்கஹால் தோய்த்த துணியால் மெல்லத் துடைத்து, மேலே ஒரு புதுப் பூச்சு அடித்தால் பழையதோடு கரைந்து சேரும். பாலியூரித்தேன் வேண்டாம், மெழுகுள்ள ஷெல்லாக்கின் மேல் அது நிற்காது.

கண்ணாடி மெருகு பற்றி. மோல்டிங் பட்டியைக் கழற்றியதும் அதன் அடியில் வெயில் படாத ஒரு கீற்றுத் தகடு தெரியும். வெறும் உலோகமாக இருந்தால் உங்கள் ஆசைப்படி தேய்க்கலாம், ஆனால் வருடாவருடம் தேய்க்க வேண்டியிருக்கும். பெயின்ட் இருந்தால் முதலில் ஈயச் சோதனை செய்யுங்கள், உலர்வாக உரசாதீர்கள். பிறகு மெருகை மறந்துவிட்டு, அந்தக் கீற்றைக் கடையில் காட்டி அதே நிறத்தைக் கலந்து தரச் சொல்லுங்கள்.