கேள்வி – பதில்: சண்டை ரோபோவுக்கு வாயு விசை

கேள்வி: எங்கள் சண்டை ரோபோவின், எதிராளி ரோபோவைப் புரட்டும் கையைக் காபனீரொட்சைட்டுச் சிலிண்டரால் இயக்க விரும்புகிறோம். இடம் மிகக் குறைவு. எதில் கவனம் வேண்டும்? – மாணவர் குழு, கொக்குவில்.

பதில்: 40 மில்லிமீற்றர் விட்டமுள்ள பிஸ்டன் 10 பார் அழுத்தத்தில் ஏறத்தாழ 1250 நியூட்டன் விசை தரும் என்பதால், உங்களுக்குச் சிக்கல் விசையன்று, வேகமே. ஒடுங்கிய குழாயும் சிறிய வால்வும் வாயுவை நெரித்துவிடுமாகையால், சிலிண்டரின் உயர் அழுத்தத்தை வேண்டிய அளவுக்குக் குறைத்துத் தரும் அழுத்தச் சீராக்கியை அடுத்துச் சிறு சேமிப்புக் கலமொன்றை வைத்து, அங்கிருந்து பிஸ்டன்வரை செல்லும் வழியை இயன்றவரை குட்டையாகவும் அகலமாகவும் அமையுங்கள். யாழ்ப்பாணத்து வெயிலையும் கணக்கிலெடுங்கள்: 20 பாகை செல்சியசில் ஏறத்தாழ 57 பாராக உள்ள சிலிண்டர் அழுத்தம் 30 பாகையில் 72 பாரைத் தொடும்; 31 பாகையைத் தாண்டினால் உள்ளிருக்கும் காபனீரொட்சைட்டுக்குத் திரவநிலையே இராது, நிரப்பிய அளவுக்கேற்ப அழுத்தம் கடுமையாக ஏறும். ஆகவே சிலிண்டரை எடை பார்த்தே நிரப்புங்கள். இடமில்லையென்று, அழுத்தம் மிஞ்சினால் வாயுவை வெளியேற்றும் பாதுகாப்பு வால்வைக் கைவிடுவதற்கு நான் ஒருபோதும் உடன்படேன்.