அரங்கேற்ற மேடையில் ஐலைனர் பளிச்சென்று தெரியவும் கலையாமல் நிற்கவும் என்ன செய்யலாம்?

மகளின் பரதநாட்டிய அரங்கேற்றம் நெருங்குகிறது, ஒத்திகையில் வர்ணம் என்ற நீண்ட உருப்படி முடிவதற்குள் ஐலைனர் கன்னம் வரை இறங்கிவிட்டது, இன்னும் தடிமனாகப் போட்டால் நிற்குமா என்று கேட்டிருக்கிறீர்கள். நிற்காது. ஒரே தடவையில் தடிமனாகப் போட்ட மை மேலே காய்ந்தாலும் அடியில் ஈரமாகவே இருக்கும். இமை நாலு தடவை மூடித் திறந்ததும் விரிசல் விட்டு உதிரும், அல்லது மடிப்பில் ஒட்டிக்கொள்ளும். நான் பரதம் ஆடியவள். இப்போது நடனப் பள்ளிப் பிள்ளைகளுக்கு நிகழ்ச்சி நாட்களில் கண் எழுதிவிடுகிறேன். மை நிற்பதும் நிற்காததும் பெரும்பாலும் பிரஷைக் கையில் எடுப்பதற்கு முன்பே முடிவாகிவிடுகிறது.

காரணம் எண்ணெய். வாட்டர்ப்ரூஃப் என்று போட்டிருக்கும் ஐலைனர் தண்ணீரைத் தாங்கும், எண்ணெயைத் தாங்காது. அதில் இருக்கும் மெழுகு எண்ணெய் பட்டால் இளகிவிடும். இமைத் தோல் தானாகவே கொஞ்சம் எண்ணெய் சுரக்கும். அதோடு நல்ல நாளாயிற்றே என்று அன்று காலையில் தலைக்கு எண்ணெய் தேய்த்துக் குளிக்க வைத்தால், வியர்க்கும்போது அதுவும் சேர்ந்து நெற்றியிலிருந்து கண்ணுக்கு இறங்கும். எண்ணெய்க் குளியலை இரண்டு நாள் முன்னாலேயே முடித்துவிடுங்கள். தலை படிய வாருவதற்குத் தண்ணீரும் ஹேர் ஜெல்லும் போதும். முகத்துக்குப் போடும் க்ரீமும் இமை மேல் படக்கூடாது.

மேக்கப் ஆரம்பிக்கும்போது இமையை ஈரப் பஞ்சால் துடைத்து, டிஷ்யூ வைத்து ஒற்றி எடுங்கள். பேன்கேக் என்ற மேடை மேக்கப் பூச்சை இமை மேல் மிக மெல்லிசாகப் போட்டு, அதன்மேல் பவுடரைத் தேய்க்காமல் அழுத்தி அழுத்தி வையுங்கள். ஐ பிரைமர் (மேக்கப் பிடித்து நிற்க இமையில் தடவும் அடிப்பூச்சு) இருந்தால் பேன்கேக்குக்கு முன் ஒரு துளி தடவலாம், இல்லாவிட்டாலும் குறையில்லை. பவுடரை மட்டும் விட்டுவிடாதீர்கள், எண்ணெயை உறிஞ்சி வைப்பது அதுதான்.

அடுத்தது கோடு. முதலில் கறுப்புப் பென்சிலால் லேசாக வரைந்துகொள்ளுங்கள், பிழையானால் அழிப்பது எளிது. கடைக்கண்ணிலிருந்து வெளியே நீளும் வால் இருக்கிறதே, அதை எப்போதும் கண்ணைத் திறந்து நேரே பார்க்கச் சொல்லி வரைய வேண்டும். கண்ணை மூடவைத்து, தோலை விரலால் இழுத்துப் பிடித்து வரைந்தால், திறந்ததும் கோடு வளைந்து வேறெங்கோ போய் நிற்கும். கீழ் இமையின் விளிம்பு அப்படியே மேலே நீண்டால் எந்தத் திசையில் போகுமோ, அதுதான் வாலின் திசை. மேடைக்குப் புருவம் முடியும் இடம் வரை கொண்டுபோகலாம். வீட்டுக் கண்ணாடியில் அது அதிகமாகத்தான் தெரியும், பயப்படாதீர்கள். பத்தாவது வரிசையில் உட்கார்ந்து பார்த்தால் அளவாக இருக்கும்.

பென்சில் கோட்டின் மேல் ஜெல் ஐலைனரைச் சாய்வு பிரஷால் மெல்லிசாக ஒரு தடவை போட்டு, காய்ந்த பிறகு இன்னொரு தடவை போடுங்கள். காயும் வரை மேலே பார்க்க விடாதீர்கள். கைக்கண்ணாடியை மடியில் வைத்துக் கீழே பார்த்துக்கொண்டிருக்கச் சொன்னால் இமை மடியாது. அப்புறம் பளபளப்பில்லாத கறுப்பு மேட் ஐஷேடோவைச் சின்னத் தட்டை பிரஷில் தொட்டு, கோட்டின் மேலேயே ஒற்றிவிடுங்கள். எல்லாவற்றிலும் நான் பெரிதாக நம்புவது இந்த வேலையைத்தான். மிச்சமிருக்கும் ஈரத்தை அது இழுத்துக்கொள்ளும், கறுப்பும் அடர்த்தியாகும். பளபளக்கும் மை மேடை விளக்கில் வெளிச்சத்தைத் திருப்பி அடித்துச் சாம்பல் நிறமாகத் தெரியும். மேட் பவுடர் அதையும் சரிசெய்துவிடும்.

கீழ்க்கோட்டில்தான் நிறையப் பேர் கண்ணைச் சின்னதாக்கிவிடுகிறார்கள். மேல் வாலையும் கீழ்க்கோட்டையும் ஓரத்தில் சேர்த்து மூடினால் கண் அங்கேயே முடிந்துவிட்டதுபோல் ஆகிவிடும். கீழ்க்கோட்டை இமைமயிருக்குச் சற்றுக் கீழே வரைந்து, மேல் வாலுக்கு இணையாக வெளியே இழுத்து, நடுவில் இடைவெளி விடுங்கள். அந்த இடைவெளியில் வெள்ளைப் பென்சில் தீட்டினால் கண்ணின் வெண்மை நீண்டதுபோல் தெரியும். நாட்டிய இலக்கண நூலான அபிநய தர்ப்பணம் எட்டு வகைப் பார்வைகளைச் சொல்கிறது. அவற்றில் ஓரக்கண்ணால் பார்க்கும் சாசி, பக்கத்துக்குப் பக்கம் ஓடும் பிரலோகிதம் இரண்டும் கடைசி வரிசைக்குப் போய்ச் சேர வேண்டுமானால் கருவிழி நகர்வது தெரிய வேண்டும். அதற்கு வெள்ளை வேண்டும், கறுப்பு மட்டும் போதாது.

கண்ணுக்குள் விளிம்பில் காஜல் இழுப்பதை முடிந்தவரை தவிருங்கள். அந்த விளிம்பு எப்போதும் கண்ணீரால் ஈரமாக இருக்கும் இடம், மை நிற்க வாய்ப்பே இல்லை. கண்ணீரோடு கலந்து உள்ளே போய் உறுத்தும். கண்ணீர் சீக்கிரம் உலராமல் காக்கும் எண்ணெய்ச் சுரப்பிகளின் வாயும் அங்கேதான் இருக்கிறது. மகள் கான்டாக்ட் லென்ஸ் போடுபவள் என்றால் கட்டாயம் வேண்டாம்.

வர்ணம் முடிந்து உடை மாற்ற உள்ளே வரும்போது டிஷ்யூவை நெற்றியிலும் கண்ணடியிலும் ஒற்றுங்கள், துடைக்காதீர்கள். கலைந்த இடத்தில் அதே கறுப்பு ஐஷேடோவை ஒற்றினால் போதும். ஈர ஐலைனரை அந்த அவசரத்தில் திறக்கவே வேண்டாம். அரங்கேற்றத்துக்கு முன் ஒரு ஒத்திகையில் முழுக் கண் மேக்கப்போடு வர்ணத்தை முழுசாக ஆடவையுங்கள். எந்த இடத்தில் கலைகிறது என்று தெரிந்துவிடும், அந்த இடத்தில் அன்றைக்குப் பவுடரைக் கூட்டிக்கொள்ளலாம்.

ஒரு விஷயத்தில் மட்டும் நான் கண்டிப்பு. குழு நிகழ்ச்சிகளில் ஒரே ஐலைனர் பிரஷால் எல்லாப் பிள்ளைகளுக்கும் எழுதுகிறார்கள். ஒரு பிள்ளைக்கு மெட்ராஸ் ஐ இருந்தால் மொத்தக் குழுவுக்கும் பரவிவிடும். மகளுக்கென்று தனி மை, தனி பிரஷ் வாங்கிக் கொடுங்கள். திறந்து மூன்று மாதம் தாண்டிய திரவ ஐலைனரைத் தூக்கிப் போடுங்கள். நல்ல கறுப்பாக இருக்கிறதே என்று சுர்மா என்ற கண்மைப் பொடியை வாங்கிவிடாதீர்கள், சில வகைகளில் ஈயம் இருக்கிறது. குழந்தைகளுக்கு அது மிகவும் கெடுதல்.

எல்லாம் முடிந்து வீட்டுக்கு வந்ததும் தேங்காய் எண்ணெயைப் பஞ்சில் நனைத்து, மூடிய கண் மேல் அரை நிமிடம் வைத்திருந்து, பிறகு துடையுங்கள். தேய்க்காமலே வந்துவிடும். அதன் பிறகு முகத்தைச் சோப்புப் போட்டுக் கழுவிவிட்டுத் தூங்கச் சொல்லுங்கள்.