கீழே இறங்கும் பாட்டு

அன்புள்ள ஐயா,

நீங்கள் எழுதியதைப் படித்துவிட்டு நேற்று ராத்திரி ரஷ்ய இசையமைப்பாளர் ரக்மானினோவின் 'முழு இரவு விழிப்பு' என்கிற வழிபாட்டுக் குழுப்பாடல் தொகுப்பைக் கேட்டேன். ஐந்தாவது பாட்டின் கடைசியில் குரல்கள் இறங்கிக்கொண்டே போய் ஒன்றுமே கேட்காமல் ஆகிவிட்டது. பதிவில் கோளாறா? இன்னொன்றும் கேட்கவேண்டும். சாமி பாட்டு உச்சத்தில் போய் முடியவேண்டாமா? ராத்திரி செபத்துக்கு ஏன் இத்தனை சோகம்?

அன்புள்ள நண்பருக்கு,

போனில் கேட்டிருப்பீர்கள். பதிவில் குறையில்லை. பாஸ் குரல்கள், அதாவது ஆண்களில் மிகக் கீழே பாடுகிறவர்கள், படிப்படியாக இறங்கிப்போய் நிற்கிற அந்தச் சுரம் நொடிக்கு சுமார் 58 அதிர்வுதான், போன் ஸ்பீக்கரில் அது வராது. 1915இல் மாஸ்கோவில் பாடகர் குழுவை வைத்து இதை முதன்முதலில் நடத்திய டானிலினிடம் ரக்மானினோவ் இந்த இடத்தை வாசித்துக் காட்டியபோது, இப்படிப்பட்ட பாஸ் பாடகர்களுக்கு நான் எங்கே போவேன் என்று அவர் தலையை ஆட்டினாராம். அப்புறம் தேடிப்பிடித்துப் பாடவும் வைத்தார்.

சோகம் என்றீர்களே, சொற்களைப் பாருங்கள். மெசியாவைக் காணும்வரை சாகமாட்டாய் என்று வாக்குப் பெற்ற சிமியோன் பைபிளில் வருகிறார்; அவர் எருசலேம் கோவிலில் பச்சைக் குழந்தையான இயேசுவைக் கையில் ஏந்திக்கொண்டு, 'உம் அடியான் என்னை இப்போது அமைதியுடன் போகச் செய்கிறீர்' என்கிறார். பார்த்தாயிற்று, இனி போகலாம். கையில் குழந்தை இருக்கும்போது யார் உச்சஸ்தாயியில் பாடுவார்கள்? ஒரு டெனர், அதாவது ஆண்களில் மேல்குரல் பாடகர், சிமியோனாகப் பாட, மற்ற குரல்கள் தாலாட்டு போல முன்னும் பின்னும் ஆடுகின்றன. பிள்ளை கண் அசந்ததும் தாலாட்டுகிறவள் குரலைத் தணித்துக்கொண்டே போவாள் அல்லவா, அந்த இறக்கம் எனக்கு அப்படித்தான் கேட்கிறது. தன் இறுதிச் சடங்கில் இந்தப் பாட்டைப் பாடவேண்டும் என்று ரக்மானினோவ் விரும்பினார்.

கிழக்குக் கிறிஸ்தவச் சபைகளில் சிமியோனின் இந்தப் பாட்டு மாலை வழிபாட்டில் வரும். ரோமன் கத்தோலிக்க வழக்கத்தில் படுக்கப்போகுமுன் சொல்கிற இரவு செபத்தில். அந்த இரவு செபத்துக்கு ஆறாம் நூற்றாண்டிலேயே புனித பெனடிக்ட் தன் மடத்து ஒழுங்கில் பைபிளின் சங்கீதங்களில் மூன்றை மட்டும் வைத்தார்: 4, 91, 134. தினமும் அதேதான், மாற்றமே கிடையாது. அதனால் துறவிகளுக்கு மனப்பாடம், புத்தகம் வேண்டாம், விளக்கும் வேண்டாம், இருட்டில் நின்றே பாடிவிடலாம். ஒரு நாளின் கடைசிச் செபத்துக்கு இதைவிடப் பொருத்தமான ஏற்பாடு எனக்குத் தெரிந்து இல்லை. அவர் ஒழுங்கைப் பின்பற்றும் சிஸ்டர்சியன் துறவிகளின் மடங்களில் முடிவில் மாதா உருவத்தின் முன்னால் மட்டும் ஒரு வெளிச்சம் வைத்து சால்வே ரெஜினா என்கிற லத்தீன் மாதா பாட்டைப் பாடுவார்கள். அதற்குப் பிறகு காலைவரை பேச்சு கிடையாது.

சால்வே ரெஜினாவை நீங்களும் கேட்டிருப்பீர்கள், தமிழில். எங்கள் ஆச்சி செபமாலை முடிந்ததும் 'கிருபை தயாபத்துக்கு மாதாவாயிருக்கிற' என்று கணீரென்று ஆரம்பிப்பார். போகப்போகக் குரல் தணியும், 'கண்ணீர்க் கணவாய்' வரும்போது முணுமுணுப்புதான் மிஞ்சும். பாயில் படுத்திருக்கும் நான் அதைத் தாண்டி ஒரு நாளும் கேட்டதில்லை, தூங்கியிருப்பேன்.

நல்ல ஹெட்போனில், விளக்கை அணைத்துவிட்டு, அந்த ஐந்தாவது பாட்டை மட்டும் இன்னொரு முறை கேளுங்கள். கேட்டதும் எழுதுங்கள்.