இயல்பிருப்பை மாற்றச் சொல்வது யார் பொறுப்பு?

கேள்வி: நான் பங்களித்துவரும் திறமூலத் தரவுத்தள மென்பொருள், நிறுவியவுடனேயே கடவுச்சொல் கேட்காமல், வலைப்பின்னலில் உள்ள எந்தக் கணினியின் இணைப்பையும் ஏற்றுக்கொள்கிறது. ‘டீஃபால்ட்’ எனப்படும் அந்த இயல்பிருப்பை, நிறுவிய கணினிக்குள் மட்டும் இணைப்பு என்று திருத்தி நிரல் அனுப்பினேன். “வேண்டுவோர் தாமே மாற்றிக்கொள்ளலாம், பழைய பயனர்களின் இணைப்புகளை நான் முறிக்க முடியாது” என்று பராமரிப்பாளர் மறுத்துவிட்டார். பாதுகாப்பைவிடப் பழக்கம் பெரிதா?

பதில்: உங்கள் கோரிக்கை நியாயமானது என்றே கருதுகிறேன். அமைப்புக் கோப்பைத் திறந்துகூடப் பாராத பயனருக்கு இயல்பிருப்புதான் மென்பொருள். மாற்று வழி இருப்பதையே அறியாதவரிடம் “மாற்றிக்கொள்ளலாம்” என்பது பதிலாகாது. 2017 ஜனவரியில், கடவுச்சொல் இன்றி இணையத்தில் திறந்துகிடந்த ஆயிரக்கணக்கான மாங்கோடிபி தரவுத்தளங்களைத் தாக்கியவர்கள், தரவை அழித்துவிட்டுப் பிட்காயினில் பணயத்தொகை கேட்டார்கள். அதே ஆண்டின் இறுதியில் வந்த 3.6ஆம் பதிப்பில்தான், உள்கணினி இணைப்பு மட்டும் என்பது எல்லா நிறுவல்களுக்கும் இயல்பிருப்பானது. இந்த நிகழ்வை உங்கள் முன்மொழிவில் அவசியம் குறிப்பிடுங்கள்.

ஆயினும், பராமரிப்பாளரின் தயக்கத்தை வெறும் பழக்கம் என்று ஒதுக்கிவிடாதீர்கள். லினக்ஸ் கணினிகளில் இயங்கும் நிரல்களை நிர்வகிக்கும் சிஸ்டம்டி மென்பொருளின், 2016 மே மாதத்தில் வெளியான 230ஆம் பதிப்பு, பயனர் வெளியேறியதும் அவர் தொடங்கிய செயல்கள் அனைத்தையும் நிறுத்துவதை இயல்பிருப்பாக்கியது. எஞ்சி நிற்கும் செயல்களைத் துப்புரவாக்குவது தவறான நோக்கமன்று. ஆனால், வெளியேறிய பின்னும் வேலை தொடர வேண்டும் என்பதற்காகவே டிமக்ஸ், ஸ்கிரீன் ஆகிய கருவிகளைப் பயன்படுத்திவந்தவர்களின் வேலை அறுந்தது. லினக்ஸ் இயங்குதளங்களுள் ஒன்றான டெபியன் தன் தொகுப்பில் பழைய நிலைக்கே திரும்பியது. இத்தகைய மாற்றத்தை அனுப்பியவர் வேறு பணிக்குப் போய்விடலாம். முறையீடுகளுக்குப் பதில் சொல்ல எஞ்சியிருப்பவர் பராமரிப்பாளர்தான்.

எனவே, “மாற்றலாமா?” என்று வாதிடுவதை நிறுத்தி, “எப்படி மாற்றுவது?” என்பதை நீங்களே எழுதிக்கொடுங்கள். நிரல் மாற்றங்களைப் பதிந்துவைக்கும் கிட் மென்பொருளில், எந்தக் கிளை (நிரலின் தனித்த வளர்ச்சிப் பாதை) என்று சொல்லாமல் சேவையகத்துக்கு அனுப்பும் ‘புஷ்’ கட்டளையை இட்டால், அங்குள்ளவற்றோடு பெயர் பொருந்தும் கிளைகள் அனைத்தும் போய்க்கொண்டிருந்தன. நடப்புக் கிளை மட்டும் போகட்டும் என்று 2014இல் 2.0 பதிப்பில் மாற்றும் முன்பே, அதற்கு முந்தைய பதிப்புகள் மாற்றம் வருவதை எச்சரித்ததோடு, பழைய நடத்தையே வேண்டுவோர் எந்த வரியை எழுத வேண்டும் என்பதையும் காட்டின. உங்கள் நிரலும் அவ்வாறே அமையட்டும்: புதிய நிறுவல்களுக்கு மட்டும் புதிய மதிப்பு, மேம்படுத்துவோருக்குப் பழைய மதிப்போடு எச்சரிக்கை, யாருடைய இணைப்பு முறியும் என்ற நேர்மையான குறிப்பு. இவ்வளவும் செய்த பின்னரும் காரணமின்றி மறுக்கப்பட்டால், அப்போது உங்கள் மனத்தாங்கலில் நியாயம் உண்டு.

கேள்வி: நான் ஒரு சிறு திட்டத்தின் பராமரிப்பாளர். பயன்பாட்டுத் தரவு எனக்கு வந்துசேர்வதை இயல்பிருப்பாக வைக்க எண்ணினேன். பங்களிப்பாளர்கள் கடுமையாக எதிர்க்கிறார்கள். யாருமே தாமாக முன்வந்து இசைவு தராவிட்டால், எதை வைத்து முடிவெடுப்பேன்?

பதில்: உங்கள் தேவை உண்மையானது, இருந்தும் இதில் நான் எதிர்ப்பவர்கள் பக்கமே. மற்ற இயல்பிருப்புகள் பயனரின் வசதிக்காக முடிவு செய்யப்படுபவை. இதுவோ, கேட்கப்படாதவரின் இசைவை நீங்களே வழங்கிக்கொள்வது. கோ என்ற நிரல்மொழியின் குழுவும் 2023 பிப்ரவரியில், வேண்டாதவர் அணைத்துக்கொள்ளலாம் என்ற வகையிலேயே இத்தகைய திட்டத்தை முன்வைத்து, எதிர்ப்புக்குப் பின் விரும்புவோர் மட்டும் அனுப்பலாம் என்று திருத்தியது. 2024இல் வந்த 1.23ஆம் பதிப்பிலும், தரவு வெளியே போவதற்குப் பயனரின் இசைவு வேண்டும். உங்களுக்கு வந்துசேரும் தரவு குறைவாகத்தான் இருக்கும். அதில் எந்தெந்தப் புலங்கள் உள்ளன என்பதை முழுமையாக வெளியிட்டு, நிறுவும்போதே தெளிவாகக் கேளுங்கள்.