கல்லறை இல்லாதவருக்கும் கல்லறைத் திருநாள் உண்டா?

கடலில் காணாமல் போன அப்பாவுக்குக் கல்லறைத் திருநாளான நவம்பர் 2 அன்று எங்கே மெழுகுதிரி கொளுத்துவது என்று திருகோணமலையிலிருந்து கேட்டிருக்கிறீர்கள்.

சேமக்காலையில், அதாவது கல்லறைத் தோட்டத்தில், இருக்கும் பெரிய சிலுவையடியில் தாராளமாகக் கொளுத்தலாம். 2004 சுனாமிக்குப் பிறகு நம் கரையில் பல வீடுகளுக்கு இந்தக் கேள்வி உண்டு. 10ஆம் நூற்றாண்டின் முடிவில் பிரான்சின் க்ளூனி மடத்து அதிபர் ஓடிலோ இந்தத் திருநாளைத் தொடங்கியபோதே இது இறந்த விசுவாசிகள் எல்லோருக்குமான நாள்தான். புதைத்த இடம் தெரிந்திருக்க வேண்டும் என்ற நிபந்தனை எதுவும் இல்லை. உத்தரிக்கிற ஸ்தலத்தில், அதாவது விண்ணகம் போகுமுன் தூய்மை பெறும் நிலையில், இருக்கும் ஆன்மாக்களுக்காக மன்றாடுவதுதான் கத்தோலிக்கருக்கு இதன் உயிர். அதனால் முதலில் அப்பாவின் பெயரைக் கொடுத்துத் திருப்பலி ஒப்புக்கொடுங்கள், மெழுகுதிரி அப்புறம். மெதடிஸ்த சபை உறவினர் யாராவது வந்தால் அவர்கள் இப்படி மன்றாடாமல் நன்றி சொல்லி நினைவுகூர்வார்கள், அவ்வளவுதான். அதற்காகச் சண்டை வேண்டாம்.

மாரிக்காலம் வேறு. வெட்டிய பிளாஸ்டிக் போத்தலுக்குள் திரியை வைத்தால் காற்றுக்கு அணையாது.